எல்கேஜி வகுப்புக்குப் பல பண்பாட்டுப் படப் புத்தகங்கள்: எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது?

நாவலூர் டீச்சர்

வணக்கம். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் வேலை பார்க்கிறேன். எல்கேஜி, யூகேஜி இரண்டுக்கும் வகுப்பு நூலகம் வைக்க இந்த வருஷம் 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். "பல பண்பாடும் பிள்ளைகளுக்குத் தெரியணும், அப்படிப்பட்ட புத்தகமா வாங்குங்க" என்று கரஸ்பாண்டன்ட் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

சப்ளையர் ஒரு செட் மாதிரிக்கு அனுப்பினார். வழவழ தாள், கெட்டி அட்டை. ஒரு பக்கத்துக்கு ஒரு நாடு, ஒரு கொடி, தேசிய உடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும், கீழே அந்த நாட்டு மொழியில் வணக்கம். ஜப்பானுக்குக் கிமோனோ, நெதர்லாந்துக்கு மரச்செருப்பு, இந்தியாவுக்குப் பெரிய தலைப்பாகை கட்டிய ராஜஸ்தான் பையன். பிள்ளைகள் புரட்டினார்கள், கொடி நிறத்தைச் சொன்னார்கள், பிளாக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். கதையே இல்லாத புத்தகத்தில் அவர்களும் என்னதான் செய்வார்கள்.

என் வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். அதில் செம்மஞ்சேரி குடியிருப்பிலிருந்து வருகிறவர்களும் உண்டு, கேட்டட் கம்யூனிட்டியிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அப்புறம் செக்யூரிட்டி, மெஸ் சமையல் என்று வேலைக்கு வந்த நேபாள, ஒடிசா, பீகார்க் குடும்பங்கள். ஐ.டி. வேலைக்கு வந்த தெலுங்கு, வங்காளிக் குடும்பங்கள். இவர்களை வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு கதைசொல்லி

டீச்சர், அந்தச் செட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். காரணம் எளிது. வெளிநாட்டில் ஒருவர் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறார், அதில் வேட்டி கட்டி ஜல்லிக்கட்டுக் காளையைப் பிடித்தபடி ஒரு பையன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு அது தான்தான் என்று தோன்றுமா? ஷேர் ஆட்டோவில் வந்து, டிபன் பாக்ஸில் தக்காளி சாதம் சாப்பிடுகிற பிள்ளை அது. மற்ற நாட்டுப் பிள்ளைகளையும் நாம் அப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகம் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி, சில பிள்ளைகளுக்கு ஜன்னல், உள்ளே நுழைந்து பார்க்கத் தள்ளுகதவும்கூட என்றார். கறுப்பினப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனால் உங்கள் ஒடிசாப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். அவளுக்கு நாள் முழுக்க ஜன்னல்தான். பாட்டு தமிழ், ரைம்ஸ் இங்கிலீஷ், சுவரில் தொங்கும் சார்ட் இங்கிலீஷ். அவள் வீட்டை எங்கேயும் பார்க்க முடியாது.

அதனால் நான் முதலில் வகுப்புப் பதிவேட்டை எடுப்பேன், புத்தகப் பட்டியல் அப்புறம். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் யாரை இதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை என்று ஒரு குறிப்பு. அதிலிருந்து ஆரம்பியுங்கள். நெதர்லாந்து மெதுவாக வரட்டும்.

மயிலை அம்மா

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் பையன் யூகேஜி. நாலு வயசுப் பிள்ளைக்கு யானை, குரங்கு, காக்கா, பாட்டி சுட்ட வடை போதாதா? யார் எந்த ஊர், யார் என்ன நிறம் என்று அவர்களாகப் பார்ப்பதே கிடையாது. நாம்தான் புத்தகம் வாங்கிக் கொடுத்துச் சொல்லித்தருகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். முதலில் நம் தமிழ்ப் புத்தகமே ஒழுங்காக நாலு வாங்கி வாசித்தால் நல்லது. என் பையன் வகுப்பு அலமாரியில் தமிழுக்கென்று ஒரே ஒரு தட்டு. அதிலும் பாதி கோலப் புத்தகம்!

அடையாறு கதைசொல்லி

கடைசி வரிக்கு முழு ஆதரவு மேடம்.

ஆனால் பிள்ளைகள் பார்ப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940களில் நிறம் மட்டும் மாறிய பொம்மைகளை 3 முதல் 7 வயதுவரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டி, எது நல்ல பொம்மை, எதோடு விளையாடப் பிடிக்கும் என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் அதில் குறிப்பிடப்பட்டது. இங்கே எந்த எல்கேஜி வகுப்பிலும் போய் "உன்னை வரை" என்று சொல்லிப் பாருங்கள். கறுப்பாக இருக்கும் பிள்ளையும் அந்த வெளிர் ரோஸ் கிரேயானைத்தான் தேடும். அதற்குப் பெயரே "ஸ்கின் கலர்" என்று வைத்திருக்கிறோம்.

யானை குரங்கு விஷயம்: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் புத்தக மையம் வருஷாவருஷம் அமெரிக்கச் சிறார் புத்தகங்களைக் கணக்கெடுக்கிறது. 2018 புத்தகங்களில் வெள்ளையர் முக்கியப் பாத்திரமாக வந்தவை 50 சதவீதம். விலங்கும் பொம்மையும் வண்டியும் 27. கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீனோ, பூர்வகுடி எல்லோரையும் கூட்டினால் 23. கரடிக்குக் கிடைத்த இடம்கூட அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் இப்படி யாராவது எண்ணினால் என்ன வரும் என்று நினைத்தால் சிரிப்பாகவும் இல்லை.

விலங்குக் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் இருந்தால் யாருக்கும் பிரச்சினை வராது, அதனாலேயே பள்ளிகள் அதை மட்டும் வாங்கிவிடுகின்றன.

பழைய பேப்பர்

ஜன்னல் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்ற சோவியத் புத்தகங்கள்தான். மாஸ்கோவில் அச்சடித்துத் தமிழில் வந்தவை. தாள் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பனி, பிர்ச் மரம், சமோவார், கம்பளிக் கையுறை. சென்னையில் மே மாத வெயிலில் உட்கார்ந்து சைபீரியக் குளிரைப் படித்தோம். விலையும் நம் அப்பா கையில் இருந்த சில்லறைக்குள் வரும். ரஷ்யப் பாட்டி நம் பாட்டி மாதிரியேதான் பேசுவாள். உலகம் பெரிது, எல்லா ஊரிலும் பிள்ளைகள் ஒன்றுதான் என்பதை எங்களுக்கு எந்தப் பயிற்சிப் பட்டறையும் சொல்லித்தரவில்லை, அந்தப் புத்தகங்கள்தான் சொல்லின. அதனால் கண்ணாடி கண்ணாடி என்று ரொம்ப அழுத்தவேண்டாம் தோழர்களே. பிள்ளைக்குத் தன் முகத்தைப் பார்ப்பதைவிடத் தூரத்தைப் பார்க்கத்தான் ஆசை அதிகம்.

ராயபுரம்

தோழர், நானும் அந்தப் புத்தகங்களைப் படித்தவள்தான், எங்கள் தெரு நூலகத்தில். பிடிக்கும். ஆனால் அப்போது எங்கள் தெரு எந்தப் புத்தகத்தில் இருந்தது சொல்லுங்கள்? வலை பின்னும் அப்பா, கூடையில் மீன் விற்கும் அம்மா, லைன் வீடு, பொதுக் குழாய். தமிழ்ப் புத்தகத்திலும் இல்லை, ரஷ்யப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் வருகிற வீடு வேற யாருக்கோ சொந்தம் என்றுதான் நினைத்து வளர்ந்தேன். தூரத்தைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. சொந்த வீடு ஏற்கெனவே பக்கத்துக்குப் பக்கம் வருகிற பிள்ளைக்குத் தூரம் மட்டும் போதும்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் இருக்கிறேன், எங்களுக்கும் எல்கேஜி யூகேஜி உண்டு. பல பண்பாடு என்றால் ஏன் எல்லோரும் நேராக ஏர்போர்ட்டுக்குப் போகிறீர்கள்? இங்கேயே ஒரே வகுப்பில் முட்டை சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர், சர்ச்சுக்குப் போகிறவர், தர்காவுக்குப் போகிறவர், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர் எல்லாம் இருக்கிறார்கள். சாதியைப் பற்றிப் படப் புத்தகத்தில் யாராவது வாய் திறக்கிறார்களா? பெயர் சொல்லித் திறக்கவேண்டாம். ஒரு குழந்தையின் அப்பா தூய்மைப் பணியாளர், அவர் வீட்டுக்கு வருகிறார், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார், சேர்ந்து டி.வி. பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள், நான் பத்துப் பிரதி வாங்குகிறேன்.

நாவலூர் டீச்சர்

ராயபுரம் டீச்சர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் நடைமுறையில் எதை வாசித்திருக்கிறீர்கள்? பெயர் சொன்னால் உதவியாக இருக்கும். தமிழில் கிடைக்கவேண்டும், மூன்றரை வயதுக்கும் உட்காரவேண்டும்.

ராயபுரம்

தூலிகா பதிப்பகத்தில் காளி என்ற இருளர் பழங்குடிப் பையனைப் பற்றி ஜாய் விட்டேகர் எழுதிய ஒரு கதை இருக்கிறது. காளியின் அப்பா பாம்பு பிடிக்கிறவர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் இவனோடு சேரமாட்டார்கள், இவன் வறுத்த ஈசல் கொண்டுவந்து சாப்பிடுகிறான் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு நாள் வகுப்புக்குள் சாரைப் பாம்பு வந்துவிடும். வாத்தியார் உட்பட எல்லோரும் அலற, காளி பிடித்துவிடுவான். அப்புறம் அவன்தான் ஹீரோ.

யூகேஜிக்கு வாய்விட்டு வாசிக்கலாம், எல்கேஜிக்குக் கொஞ்சம் நீளம். படத்தைக் காட்டிச் சொல்லவேண்டும். முடித்ததும் மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி இருக்கிறதே, அங்கே 1978இலிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது, அங்கே எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது என்று சொல்வேன். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதையும் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பத்மஸ்ரீ புரியாது, பாம்பு புரியும். வகுப்பு வாசலில் கூட்டிப்போக வந்து நிற்கும் பெரியவர்களுக்குப் பத்மஸ்ரீ புரியும்.

அடையாறு கதைசொல்லி

நல்ல புத்தகம், நானும் நிறைய இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு நெருடல் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. காளி பாம்பைப் பிடிக்காமல் இருந்திருந்தால்? ஒதுக்கப்பட்ட பிள்ளை ஏதாவது சாகசம் செய்து, மற்றவர்களுக்கு உபயோகப்பட்டால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஆகிவிடுகிறதே. சும்மா உட்கார்ந்து ஈசல் சாப்பிட்டாலும் அவன் பக்கத்தில் உட்காரவேண்டும் அல்லவா?

ராயபுரம்

இந்த நெருடல் எனக்கும் உண்டு. அதற்காக அலமாரியிலிருந்து எடுக்கமாட்டேன். இருளர் பிள்ளை நடுவில் நிற்கிற புத்தகம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு அப்புறம் குறை பேசலாம். ஒரே ஒரு புத்தகத்தின் மேல் ஒரு சமூகத்தின் முழுப் பாரத்தையும் ஏற்றினால் எந்தப் புத்தகமும் தாங்காது. கூடவே இன்னொன்று வையுங்கள். மகாஸ்வேதா தேவி எழுதிய, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மொய்னா என்ற சபர் பழங்குடிப் பெண்ணின் கதை இருக்கிறது, அதுவும் தூலிகாதான். அந்தப் பெண் யாரையும் காப்பாற்றவில்லை. கேள்வி கேட்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், படிக்கப் போகிறாள். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் வாசித்தால் நீங்கள் சொல்கிற நெருடல் கொஞ்சம் குறையும்.

சவுகார்பேட்டை

நாங்கள் நாலு தலைமுறையாகச் சென்னை. வீட்டில் மார்வாடி, வெளியில் சுத்தத் தமிழ். தமிழ்க் கதைகளில் எங்கள் ஆட்கள் வந்தால் வட்டிக்கடையில் உட்கார்ந்து "நிம்பள் நம்பள்" என்று பேசுவதற்கு மட்டும்தான் வருவார்கள். இதை மட்டும் கவனித்து வாங்குங்கள் டீச்சர். உங்கள் வகுப்பில் இருக்கும் பீகார்ப் பிள்ளையும் நாளைக்குப் புத்தகத்தில் செங்கல் சுமக்கிறவராகவும் பானிபூரி விற்கிறவராகவும் மட்டும்தான் தன்னைப் பார்ப்பான் என்றால் அதற்கு யானைக் கதையே மேல்.

அச்சுக்கூடம்

சிறார் புத்தகங்களுக்குப் பட வேலை, லேஅவுட் செய்கிறவன். எழுத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், எல்கேஜிப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாதே! அது படிப்பது படத்தை மட்டும். அதனால் கடையில் நிற்கும்போது எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை புரட்டுங்கள். யார் நடுவில் நிற்கிறார்கள், யார் ஓரத்தில்? யார் முடிவெடுக்கிறார்கள், யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? அம்மா எப்போதும் அடுப்படியிலா? எங்கள் தொழிலில் நடக்கிற சின்னத் திருட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரே முகத்தை வரைந்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்கு மாநிறம், ஒன்றுக்கு வெள்ளை ஊற்றிவிடுவார்கள். மூக்கு, முடி, கண் எதுவும் மாறாது. ஐந்து நிறத்தில் ஒரே குழந்தை. அதைப் பல பண்பாடு என்று விற்பார்கள்.

அப்புறம் வீடு. படப் புத்தகத்தில் பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில், அலமாரி நிறைய பொம்மை, படுக்கும் முன் அப்பா விளக்கைப் போட்டுக் கதை வாசிப்பார். செம்மஞ்சேரியில் ஒரே அறையில் எல்லோரும் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளைக்கு இதுவும் வெளிநாடுதான். உள்ளூர் ஓவியர் உள்ளூர் வீட்டை வரைந்திருக்கிறாரா என்று பாருங்கள். வாசலில் தண்ணீர்க் குடம், மாடியில் காயும் துணி, சுவரில் நாள்காட்டி. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. பிள்ளை கதையை விட்டுவிட்டு நாள்காட்டியைத்தான் தொட்டுக் காட்டும்.

இருமொழிப் புத்தகம் வாங்கினால் எந்த மொழி மேலே, எந்த மொழி பெரிய எழுத்தில் என்று பாருங்கள். இங்கிலீஷ் கொட்டை எழுத்தில், தமிழ் அடிக்குறிப்பு மாதிரி கீழே பொடியாக இருந்தால் எது பெரிய மொழி என்று பிள்ளைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மயிலை அம்மா

படத்தை மறைக்காமல் எழுத்தை மறைப்பது நல்ல யோசனை. இன்றைக்கு வீட்டில் இருக்கும் புத்தகங்களில் செய்து பார்த்தேன். அப்பா எல்லாம் பேப்பர் படிக்கிறார்கள்.

சரி, இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டோம். வகுப்பில் மீன் குழம்பு, ஈசல் என்று வாசித்து, பையன் வந்து "எனக்கும் வேணும்" என்றால் நான் என்ன செய்வது? இதில் எங்கள் பண்பாட்டுக்கு இடம் இல்லையா?

ராயபுரம்

இடம் இருக்கிறது அம்மா. "நம்ம வீட்டில் சாப்பிடமாட்டோம், அவங்க வீட்டில் சாப்பிடுவாங்க." அந்த ஒரு வரி போதும். நாலு வயசுப் பிள்ளை அதற்கு மேல் கேட்காது, டைனோசர் பக்கம் போய்விடும். சைவப் பிள்ளையின் சாப்பாடு எல்லாப் புத்தகத்திலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இட்லி, லட்டு, கொழுக்கட்டை, மாம்பழம். மீன் சாப்பிடுகிற பிள்ளைதான் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து வைத்துச் சாப்பிடுகிறது.

முன்னால் நான் வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில் கருவாடு காயவைக்கிற ஒரு படத்துக்காகவே ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு பெற்றோர் போன் செய்திருந்தார். எடுத்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தைத் தினமும் கேட்ட பிள்ளையின் அம்மா போன் செய்யவில்லை. அவங்களுக்குப் போன் செய்யலாம் என்பதே தெரியாது.

மயிலை அம்மா

சங்கடமாக இருக்கிறது. எடுத்திருக்கக் கூடாது. ஆனால் என்ன வாசிக்கப்போகிறோம் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன்.

அடையாறு கதைசொல்லி

சொல்லலாம். அனுமதி கேட்பதுபோல இல்லாமல், பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு "வீட்டிலும் பேசுங்கள்" என்றால் போதும். முதல் பெற்றோர் கூட்டத்தில் புத்தகங்களையே மேசைமேல் பரப்பி வைத்தால் இன்னும் நல்லது. கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதிகம் சண்டை போடுவதில்லை.

பண்டிகைப் புத்தகம் பற்றியும் யாரோ கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். ரம்ஜானுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வாங்கி, அந்த வாரம் மட்டும் எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். ஃபாத்திமா என்ற பெண் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் புத்தகத்தில் வருகிறாள், அதுவும் பிரியாணியோடு. அவளுக்குப் பல் விழுவது, நாய்க்குட்டிக்குப் பயப்படுவது, தம்பி பாப்பா வந்ததும் பொறாமைப்படுவது எல்லாம் எப்போது? பண்டிகைப் புத்தகம் ஒன்று வாங்கினால் சாதாரண நாள் புத்தகம் குறைந்தது இரண்டு வாங்குங்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் வரைந்து எழுதிய பனி நாள் புத்தகம். பீட்டர் என்ற கறுப்பினப் பையன் காலையில் எழுந்து பனியைப் பார்க்கிறான், வெளியே போகிறான், காலடி பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், ஒரு பனி உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அவன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வருஷம் அதற்கு அங்கே படப் புத்தகத்துக்கான பெரிய பரிசான கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. இங்கே பனியே பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும் என்று நினைத்தேன். காலடித் தடப் பக்கம் வந்ததும் "பீச்சுல நானும் இப்படிப் பண்ணேன்" என்று கத்தினார்கள்.

பழைய பேப்பர்

அதைத்தான் நான் சொன்னேன், தூரம்!

ராயபுரம்

தோழர், பீச் என்றால் அது கண்ணாடி.

பழைய பேப்பர்

சரி, ஒரு காபி வாங்கித் தாருங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி நியாயமாக. கீட்ஸ் கறுப்பினத்தவர் இல்லை, யூதக் குடும்பத்தில் பிறந்தவர். காளி கதையை எழுதியவரும் இருளர் இல்லை. அந்தந்தச் சமூகத்தவர்தான் எழுதவேண்டும் என்று இப்போது ஒரு வாதம் ஓடுகிறதே, அதை வைத்துப் பார்த்தால் உங்கள் அலமாரியில் பாதி காலியாகிவிடாதா?

அடையாறு கதைசொல்லி

காலி செய்யவேண்டாம், ஆனால் எண்ணிப் பார்க்கவேண்டும். நான் முன்பு சொன்ன விஸ்கான்சின் மையம் 1985இல் முதன்முதலில் எண்ணியபோது அங்கே வெளிவந்த சுமார் 2,500 சிறார் புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18தான். பீட்டரை ஒரு வெள்ளையர் வரைந்ததில் தப்பில்லை. வரைய வாய்ப்புக் கிடைத்தது யாருக்கு என்பதுதான் கேள்வி.

இங்கே நல்ல உதாரணம் திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ். மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களைப் பற்றி வரைந்த புத்தகத்துக்கு 2008இல் இத்தாலியின் போலோக்னா சிறார் புத்தகக் காட்சியில் பரிசு கிடைத்தது. பஜ்ஜு ஷியாம் லண்டன் போய்விட்டு வந்து அந்த ஊரைத் தன் கண்ணால் வரைந்த புத்தகமும் உண்டு. வழக்கமாக லண்டன்காரர் வந்து கோண்டு கிராமத்தை வரைவார், இது தலைகீழ். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதன் எழுத்து வேண்டியதில்லை, படம் போதும்.

அச்சுக்கூடம்

ஒரு எச்சரிக்கை. அந்த மரப் புத்தகம் கையால் செய்த கறுப்புத் தாளில் கையால் ஸ்க்ரீன் பிரிண்ட் அடித்தது. விலையும் அதற்கேற்ப. 15,000 ரூபாயில் அதை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தீர்கள் என்றால் ஒரே வாரத்தில் தோரணம். டீச்சர் மடியில் வைத்துக் காட்டுகிற புத்தகம் என்று ஒரு தனி வரிசை வையுங்கள். பிள்ளைகள் தாங்களாக எடுக்கிற பெட்டியில் கெட்டி அட்டைப் புத்தகமும் மலிவு விலைப் புத்தகமும் இருக்கட்டும்.

நாவலூர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இப்போது என் பெரிய தலைவலி மொழிதான். நேபாளிப் பையன் வாயே திறப்பதில்லை. ஒடியா எனக்குத் தெரியாது. அவர்கள் மொழியில் புத்தகம் எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் யார் வாசிப்பது?

ராயபுரம்

முதலில் எழுத்தே இல்லாத படப் புத்தகம் இரண்டு மூன்று வாங்குங்கள். நீங்கள் வாசிக்கவேண்டியதே இல்லை. "இங்கே என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எந்த மொழியில் சொன்னாலும் தலையை ஆட்டுங்கள். என் வகுப்பில் பீகார்ப் பெண் ஒருத்தி பக்கத்துக்குப் பக்கம் தன் பாஷையில் கொட்டித் தீர்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அதுவரை அவளைப் பேசத் தெரியாத பிள்ளை என்று நினைத்திருந்தார்கள்.

அடையாறு கதைசொல்லி

பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் திறந்தது. தமிழ், ஒடியா, நேபாளி, இந்தி, பெங்காலி, சந்தாலி எல்லாவற்றிலும் படக்கதைகள் இருக்கின்றன, இலவசம். எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு அச்சடித்துக்கொள்ளலாம், உரிமம் அப்படித்தான். ஒரே கதை தமிழிலும் ஒடியாவிலும் இருக்கிறதா என்று தேடி இரண்டையும் அச்சடியுங்கள். படம் ஒன்றுதான் என்பதால் நீங்கள் தமிழில் வாசித்ததை அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒடியாவில் வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோராக இருந்தால் படம் பார்த்துச் சொல்லட்டும். அதைப் போனில் பேசி அனுப்பச் சொல்லி வகுப்பில் போட்டுவிடுங்கள்.

கரஸ்பாண்டன்ட் ஏதாவது கேட்டால், 2022இல் வந்த அடிப்படைநிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 3 முதல் 8 வயதுவரை வீட்டு மொழிக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கேட்கமாட்டார்.

தமிழ்ப் பக்கம் ராயபுரம் டீச்சருக்குத் தெரிந்திருக்கும், அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள்.

ராயபுரம்

ஆமாம், "நுழை" வரிசை கதை சொல்ல நன்றாக இருக்கும். வரி குறைவு, படம் பெரிது.

வாங்கும் முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு சனிக்கிழமை போய்விடுங்கள். அங்கே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்குகிற புத்தகத்தை அங்கேயே விட்டுவிடலாம். அவசரம் இல்லையென்றால் ஜனவரியில் புத்தகக் காட்சிக்குக் காத்திருக்கலாம், பத்து சதவீதமாவது குறையும்.

நாவலூர் டீச்சர்

ஜனவரிவரை பொறுக்கமாட்டார்கள், பில் இந்த மாதமே வேண்டுமாம். இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பாதிப் பணம் தமிழிலும் இருமொழியிலும் இருக்கும் கதைப் புத்தகங்களுக்கு. அதில் காளியும் மொய்னாவும் உண்டு. எழுத்தில்லாப் புத்தகம் மூன்று. மடியில் வைத்துக் காட்ட ஒரு கோண்டுப் புத்தகம், மரம் இல்லை, விலை குறைந்த வேறொன்று. மீதியில் ஒடியா, நேபாளி, இந்தி, தமிழ் அச்செடுப்பு. செக்யூரிட்டி அண்ணனிடம் பேசினேன், நேபாளியில் சொல்லிப் பதிவு செய்து தருகிறேன் என்றார், "டீச்சர், என் பாட்டி சொன்ன நரிக் கதையும் சொல்லலாமா?" என்று வேறு கேட்டார்.

அச்சடிப்பதில் ஒரு சந்தேகம். எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஒடியா ஃபாண்ட் இல்லையாம். பைண்டிங் எப்படிச் செய்வது?

அச்சுக்கூடம்

ஃபாண்ட் தேவையில்லை. பி.டி.எஃப்.ஆக இறக்கி அப்படியே கொடுங்கள், எழுத்து அதற்குள்ளேயே பதிந்திருக்கும். பென்டிரைவில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மங்கிவிடும். 170 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரில் இரண்டு பக்கமும் கலர், மேலட்டைக்கு மட்டும் மேட் லேமினேஷன். பளபள லேமினேஷன் டியூப்லைட்டில் கண்ணைக் கூசும், வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் படமே தெரியாது. ஸ்பைரல் போடாதீர்கள், நடுப்பக்கப் படம் இரண்டாகப் பிளந்துவிடும். ஸ்டேப்ளரும் வேண்டாம், பின்னைப் பிடுங்கி வாயில் வைப்பார்கள். மடித்து நடுவில் நூல் தையல் போடச் சொல்லுங்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் பைண்டிங் கடைகளில் செய்துதருவார்கள், விலையைப் பேசிவிட்டுக் கொடுங்கள்.